நாலடிக் குச்சியும் ஒன்பது வரிசையும்

தோட்டக்காரர்கள் மத்தியில் அவருக்கு டீசல் என்று பெயர். கிளம்ப நேரமாகும், கிளம்பும்போது சத்தமும் புகையும் பலமாக இருக்கும், கிளம்பிவிட்டால் பொழுது சாயும்வரை நிற்காது என்பதால் வந்த பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கோபம் அவரிடம் எப்போதும் இருப்பதுதான், இதற்கென்று தனியாக எடுக்க வேண்டியதில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். கையில் இருப்பது ஒரு எலுமிச்சைத் தோட்டம். இருபத்தோரு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மரம். இத்தனை வருசமும் அந்த வரிசைகளுக்கு நடுவில் உழுது களை அடக்கியது ஒரு பழைய டில்லர். இரண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டிய வண்டி. அது அதிர்ந்தால் பிடித்திருப்பவரின் பல்லும் சேர்ந்து அதிரும். சாப்பிட உட்கார்ந்தால் கை தானாக ஆடும். குழம்பு சட்டையில் கொட்டினால், தட்டு சரியில்லை என்பார்.

போன பருவத்தின் கடைசியில் ஒரு காலை, சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவருக்குப் பட்டன் அகப்படவில்லை. பட்டன் இருந்தது, விரலும் இருந்தது. ஒன்றை ஒன்று தெரிந்துகொள்ளவில்லை. விரல் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று, தோலுக்கு மேல் துணி சுற்றியது மாதிரி மரத்துக் கிடந்தது. நாலு தரம் முயன்று பார்த்துவிட்டுப் பட்டனைத் திட்டினார். திட்டு அடுப்படிவரை கேட்டிருக்க வேண்டும். மனைவி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாலு பட்டனையும் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை பக்கத்தில் நின்று இப்படி நிதானமாக எதையும் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. வெளியே அவர் சொன்னது, "மேல் பட்டன் வேணாம், கழுத்தை இறுக்குது."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வருவாள், மூன்று பட்டன் போடுவாள், போவாள்.

டாக்டர் குண்டூசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தார். தெரிகிறதா என்று கேட்டார். குத்துவதே தெரியவில்லை என்றார் இவர். டாக்டர் ஊசியை வைத்துவிட்டு, அதிரும் கைப்பிடியை இனிமேல் தொடக்கூடாது, தொட்டால் அடுத்த வருசம் கரண்டி பிடிக்கவும் ஆள் வேண்டியிருக்கும் என்றார். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியாகப் பாருங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள் என்பது தீர்ப்பு. வெளியே வந்ததும் மனைவியிடம், "நம்ம டில்லரையே பாக்காத மனுசன் அதைத் தொடாதேங்கிறான்" என்றார். அவள், "உங்க விரலைப் பாத்தாரே, போதாதா?" என்றாள்.

இப்படித்தான் அவர் டிராக்டர் பார்க்கப் போனார்.

கடைத்தெருக் கோடியில் இருந்த அந்த ஷோரூமில் பெரிய டிராக்டர்களுக்கு நடுவில் மினி டிராக்டர் ஒன்று, பெரியவர்கள் கூட்டத்தில் வந்து நின்ற சின்னப் பிள்ளை மாதிரி நின்றது. விற்பனைக்கு இருந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். விலையைச் சொன்னார். அவ்வளவு பெரிய தொகையெல்லாம் டீசலின் மண்டையில் நேரடியாக ஏறாது. எந்த விலையையும் எலுமிச்சை மூட்டையாக மாற்றிப் பார்த்தால்தான் அவருக்கு அது எவ்வளவு என்று விளங்கும். நின்ற இடத்திலேயே உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். நானூறு மூட்டை. இரண்டு வருசம் மரம் காய்த்து, ஊறுகாய்க்குக்கூட ஒரு காய் வீட்டுக்கு வராமல் அத்தனையும் அப்படியே போனால் நானூறு. சீட்டைத் தட்டிப் பார்த்தார். "இது ரொம்ப மெத்துன்னு இருக்கு, தூக்கம் வரும்" என்று ஒரு குறை சொல்லி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மகளுக்கு போன் போட்டார். மகள் வெளியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், பால், எண்ணெய் எல்லாம் நல்லதா கலப்படமா என்று பார்க்கிற வேலை. அதனாலேயே அப்பா பேச்சில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுவாள். நானூறு மூட்டை கொடுத்து வாங்க நான் என்ன பைத்தியமா, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரப் போகிறேன் என்று அவர் ஒரு மூச்சு பேசி முடித்தார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்பா, உங்க ரெண்டு கை எத்தனை மூட்டை?"

அவருக்கு உதடு அசையவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனாலும் கேள்வி விடவில்லை. மறுநாள் ஷோரூமுக்குப் போய் டிராக்டரின் அகலத்தைக் கேட்டார். பின்சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை சரியாக நாலு அடி. வீட்டுக்கு வந்து ஒரு மூங்கிலை நாலு அடிக்கு அறுத்து, அதை இடுப்புக்குக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் நடுவில் நுழைந்தார். குச்சிதான் டிராக்டர். குச்சியின் முனை கிளையில் படாமல் மறுமுனைக்குப் போய்விட்டால் டிராக்டரும் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரி போட்டிருந்தவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "என்ன டீசல், ஹாரன் அடிக்காம திரும்புறே?" என்றார். இவர் காதில் வாங்கவில்லை.

முதல் பன்னிரண்டு வரிசையிலும் குச்சி காற்றாகப் போனது. இருபுறமும் ஒரு முழத்துக்குமேல் மிச்சம். பதின்மூன்றாவது வரிசையில் ஏழாவது மரத்தில் முள்ளில் சிக்கியது. பதினாலில் மூன்றாவது மரத்திலேயே. கடைசி ஒன்பது வரிசையிலும் குச்சி எங்கும் முழுசாகப் போகவில்லை. மூணே முக்கால் அடிதான் வழி.

அவர் குச்சியைத் தரையில் போட்டார். அவர் வாயில் வந்தது இருபத்தோரு வருசமாக வந்துகொண்டிருந்த அதே பேச்சு. "எல்லாம் இந்தக் குட்டை வரிசை பண்ற வேலை."

அந்தக் குட்டை வரிசைக்கு ஒரு கதை உண்டு. நட்ட நாளில் அளவு நாடா யாரிடமும் கிடையாது. டீசல்தான் தப்படி வைத்து அளந்தார். வரிசைக்கு வரிசை ஐந்து தப்படி. அவர் நடந்து சுண்ணாம்புப் பொடியைப் போட்டுக்கொண்டே போக, கூலிக்கு வந்த இரண்டு பேர் பின்னாலேயே குழி தோண்டினார்கள். பன்னிரண்டு வரிசை முடிந்தபோது மதியம். குழி தோண்டியவர் கடப்பாரை பிடிக்கிற முறை டீசலுக்குப் பிடிக்கவில்லை. இப்படிப் போடணும் என்று பிடுங்கிப் போட்டுக் காட்டினார். போட்டது தன் கால்மேல். பெருவிரல் நகம் பெயர்ந்து, கால் ஒரு பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. கன்றுகளோ வேர் தெரியக் கிடந்தன. அன்று நடாவிட்டால் காய்ந்துபோகும். மனைவி சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டாள். மிச்ச ஒன்பது வரிசைக்கும் அவள்தான் தப்படி வைத்தாள். இவர் நிழலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "அஞ்சு, அஞ்சு தப்படி" என்று கத்திக்கொண்டே இருந்தார். பொடிநடைக்காரி, அவள் அஞ்சு தப்படி போட்டால் வேறு எப்படி வரும், வரிசை குறுகிப்போயிற்று என்பது அவர் கட்சி. தோட்டத்துக்குள் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுவார். அவள் எதிரிலேயே சொல்லுவார். அவளும் கேட்டுக்கொண்டே, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள்.

ஷோரூமில் டைக்காரர் கேட்டுவிட்டுக் கொஞ்சமும் அசரவில்லை. ஒன்பதில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவிடுங்கள் என்றார். நாலு வரிசை போனால் வழி நெடுஞ்சாலை மாதிரி ஆகிவிடும், நாற்பத்தெட்டு மரம்தானே, வண்டி மிச்சப்படுத்துவதில் அது வந்துவிடும் என்றார். அடுத்த நாள் வண்டியையே தோட்டத்துக்கு அனுப்பி ஓட்டிக் காட்டவும் ஏற்பாடு செய்தார்.

நாற்பத்தெட்டு மரம்தானே என்று டீசலும் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது சின்னதாகும் என்று நினைத்தார், ஆகவில்லை. ஆனால் கை? கையை நினைத்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்து, பிரஷை விரலோடு சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொண்டு, பதினாலாவது வரிசையில் ஆரம்பித்து ஒன்றுவிட்டு ஒரு வரிசையில், மரத்துக்கு ஒரு பட்டையாக அடித்துக்கொண்டே போனார். பட்டை அடித்தால் வெட்டப் போகிற மரம் என்று அர்த்தம்.

நாலு வரிசையில் கடைசியை முடிக்கும்போது மனைவி வந்து நின்றாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரத்தையும் பட்டையையும் பார்த்தாள்.

"இது எல்லாம் போகுதா?"

"வேற வழி? நீ அன்னைக்கு கொஞ்சம் காலை நீட்டி வச்சிருந்தா இன்னைக்கு இந்த வேலை இல்ல."

ஈரம் காயாத ஒரு பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகவே பேசினாள்.

"வெட்டறதுன்னா வெட்டுங்க. எனக்கும் உங்க கைதான் பெருசு. ஆனா என் தப்புன்னு சொல்லி வெட்டாதீங்க."

"பின்னே யார் தப்பு? அஞ்சு தப்படின்னு நான் சொன்னேன், நீ..."

"நான் அஞ்சு வைக்கல. ஆறு வச்சேன்."

டீசல் பிரஷோடு நின்றார்.

அவள் சொன்னாள். வாளியை எடுத்தவள் முதலில் பொடி போடவில்லை. பன்னிரண்டாவது வரிசையிலிருந்து வேலிவரைக்கும் ஒரு நடை நடந்து பார்த்திருக்கிறாள். அவள் தப்படியில் ஐம்பத்து நாலு வந்தது. கன்று மிச்சம் இருந்தது ஒன்பது வரிசைக்கு. ஆறு ஆறாகப் போட்டால் ஒன்று குறையாமல் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். அவர் போட்ட அகலத்துக்கே போட்டிருந்தால் ஏழு வரிசையோடு வேலி வந்திருக்கும், இருபத்து நாலு கன்று வெயிலில் கருகியிருக்கும்.

"அன்னைக்குக் காலையில வேலி ஓரமா ஆளுங்க நின்னு வேடிக்கை பாத்தாங்க. நீங்க யானை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வச்சீங்க. பாதிக்கு மேல இடத்தை பன்னிரண்டு வரிசையே சாப்பிட்டுடுச்சு. நான் இருந்த இடத்தைப் பங்கு போட்டேன், அவ்வளவுதான்."

டீசல் திரும்பி வரிசைகளைப் பார்த்தார். இருபத்தோரு வருசமாகப் பார்த்த வரிசைகள்தான். அந்தப் பக்கம் தாராளமாக நின்ற பன்னிரண்டு, இந்தப் பக்கம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற ஒன்பது. கணக்கு இப்போது ஒரு குழந்தைக்கும் தெரியும்படி கண்முன்னால் நின்றது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மகளுக்கும் மரத்துக்கும் ஒரே வயது. அந்த மதியம் மனைவிக்கு வயிற்றில் ஏழு மாதம். அந்த வயிற்றோடு, வெயிலில், வேலிவரை போய்த் திரும்பி, அப்புறம் ஒன்பது வரிசைக்கும் குனிந்து பொடி போட்டிருக்கிறாள். இவர் நிழலில் படுத்துக்கொண்டு காலை நீட்டி வை என்று கத்தியிருக்கிறார். ஏழு மாதம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இத்தனை வருசத்துல ஒரு தரம் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"அன்னைக்கு உங்க கால் இருந்த இருப்புல சொல்ல மனசு வரல. அப்புறம் நேரம் வரல. சொன்னா மட்டும் மரம் நகருமா?"

டீசல் பிரஷைக் கட்டிய துணியைப் பல்லால் அவிழ்த்தார். மரம் ஒன்றும் போகாது, நாளைக்கு வண்டி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். அப்போ உங்க கை என்றாள் அவள். அவர் குனிந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டார். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழக்கமாக அவர் நாலு அடி முன்னால் போவார். அன்று பக்கத்தில் நடந்தார்.

காலையில் வண்டியை ஒரு மெக்கானிக் ஓட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சுப் பையில் ஸ்பேனர் செருகிய, அதிகம் பேசாத ஆள். டீசல் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சிரமத்துக்கு மன்னிக்கணும், நாலு அடி வண்டி மூணே முக்கால் அடி சந்தில் போகாது, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். டைக்காரர் ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்டார் மெக்கானிக். மரத்தை வெட்டச் சொன்னார் என்றார் டீசல். மெக்கானிக் டீயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

இதற்குள் மனைவி வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். போன பருவத்தில் இவர் விரல் போனபிறகு டில்லரின் நட்டு போல்ட்டெல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டிருந்தன. பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளே கையை விட்டுத் தடவினாள்.

"அண்ணே, இந்தச் சக்கரத்துத் தட்டு ஒரு பக்கம் குழிவா இருக்குதே. எங்க டில்லர்லயும் இப்படித்தான். ரெண்டு சக்கரத்தையும் பக்கம் மாத்திப் போட்டா வண்டி உள்ள ஒடுங்கும். இதுல ஒடுங்காதா?"

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒடுங்கும்கா. மொத்தத்துல எட்டு அங்குலம் கொறையும். எங்க ஷோரூம்ல இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அதனால சொல்றதும் இல்ல."

டில்லரின் சக்கரத்தை ஒன்பது வரிசைக்காக இருபது வருசம் பக்கம் மாற்றிப் போட்டவர் டீசல்தான். கேள்வி அவருக்கு வந்திருக்க வேண்டியது. வரவில்லை. புது வண்டி, ஷோரூம், டை எல்லாம் சேர்ந்து அவர் கண்ணைக் கட்டிவிட்டன போலிருக்கிறது.

மெக்கானிக் ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கினார். இடப்பக்கச் சக்கரம் வலப்பக்கத்துக்கும் வலப்பக்கச் சக்கரம் இடப்பக்கத்துக்கும் போக அரை மணி நேரம் ஆயிற்று. மனைவி நட்டுகளைக் கழற்றக் கழற்ற ஒரு தட்டில் வரிசையாக வைத்துக் கொடுத்தாள். சந்தில் உழுவதற்கு மூன்று அடி ரோட்டவேட்டர் ஒன்று ஷோரூம் பின்கட்டில் தூசி படிந்து கிடக்கிறது, கேட்டு வாங்குங்கள் என்று மெக்கானிக் சொன்னார். ஒரு எச்சரிக்கையும் சொன்னார். ஒடுக்கமான வண்டி, மேட்டில் வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடும், நிதானம் வேண்டும் என்றார். நிதானம் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி டீசலைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

பிறகு டீசல் அந்த நாலடிக் குச்சியை எடுத்துவந்து எட்டு அங்குலம் அறுத்து எறிந்தார். ஒரு முனையைத் தான் பிடித்தார். "இந்தா, அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவரும் பதின்மூன்றாவது வரிசைக்குள் போனார்கள். முதல் மரம், இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது மரத்தில் இருவரும் தானாக நின்றார்கள். இந்தப் பக்கம் மூன்று விரல், அந்தப் பக்கம் மூன்று விரல் இடம் இருந்தது. குச்சி போனது. எட்டு, ஒன்பது என்று பன்னிரண்டாவது மரம்வரை போனது.

அங்கே, வேலி ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், டீசல் தொண்டையைச் செருமினார். "கணக்கு சரியாத்தான் போட்டிருக்க."

"இருபத்தோரு வருசம் கழிச்சு மார்க் போடுறீங்களா?"

"பேப்பர் இப்பத்தானே கைக்கு வந்துச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் குச்சி ஆடி முள்ளில் சிக்கிக்கொண்டது.

வண்டி வாங்கியாயிற்று. சேர்த்து வைத்ததில் பாதி, தவணை பாதி. பழைய டில்லரைக் கத்தரிக்காரருக்குக் கொடுத்தார், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. கொடுக்கும் முன் அதன் கைப்பிடியை ஒரு தரம் தடவினார். சோறு போட்ட வண்டி. விரலுக்குத்தான் தெரியவில்லை.

வெட்டுவதற்குச் சுண்ணாம்பு அடித்த நாற்பத்தெட்டு மரம் மட்டும் பட்டை கட்டிக்கொண்டு நின்றது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கழுவினால் போகவில்லை. அதனால் ஒரு வாளி நிறையக் கரைத்து மிச்சமிருந்த இருநூற்று நாலு மரத்துக்கும் அடித்துவிட்டார். பிரஷ் பிடித்தது மனைவி, வாளி தூக்கியது அவர். கேட்டவர்களுக்கு, கரையான் ஏறாமல் இருக்க என்றார்.

மகள் போனில், கடைசியில் நானூறு மூட்டை தகுமா அப்பா என்று கேட்டாள்.

"அந்த மூட்டையெல்லாம் உங்க அம்மா அன்னைக்கே நட்டுட்டா. அவ ஆறு வைக்கலைன்னா ரெண்டு வரிசை இல்ல. ரெண்டு வரிசைக் காயை இருபது வருசத்துக்குப் பெருக்கிப் பாரு. கிட்டத்தட்ட வண்டியே வந்துடுது" என்றார். இப்போதெல்லாம் தோட்டத்துக்கு வருபவர்களிடம் அவர் சொல்லும் கதையும் மாறிவிட்டது. ஐம்பத்து நாலை ஒன்பதால் வகுக்கிற இடத்தில் நிறுத்தி, கேட்பவர் முகத்தைப் பார்ப்பார். பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுக்கிறவள், போதும் விடுங்க என்பாள். விடமாட்டார்.

பன்னிரண்டு வரிசையை அவர் ஓட்டுகிறார். பதின்மூன்றாவதுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுகிறார். மனைவி ஏறி உட்காருகிறாள். மூன்று விரல் இடத்தில் வண்டி ஓட்டுகிற நிதானம் தனக்கு இல்லை என்பதுதான் அவரே ஒப்புக்கொண்ட ஒரே விஷயம். குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடக்கிறார், அவள் பின்னால் ஓட்டி வருகிறாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தரிக்காரர் ஏதோ சொல்லிச் சிரிப்பார். வண்டிச் சத்தத்தில் இவருக்குக் கேட்காது.

விரல் முழுசாகத் திரும்பவில்லை. திரும்பாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு காலை, கட்டைவிரல் நுனியில் பட்டனின் விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டது. முயன்றால் ஒன்றைப் போட்டிருக்கலாம். டீசல் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்த்து, "எங்க போனே, நேரமாகுது" என்று சத்தம் போட்டார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.